தேவராஜுக்குப் பெண் பார்க்கிறார்கள்

ஜூலை 6, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் கணுக்கால் தண்ணீர். சாயங்காலம் வீட்டில் என் வீட்டுக்காரருடைய நினைவு ஜெபக் கூட்டம். மூன்றாம் வருஷம்.

வேலைகள்: பக்கத்து வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலி கேட்க. போட்டோவுக்கு மாலை (ரோஜா வேண்டாம், அவர் அம்மாவுக்கு, மாமிக்கு, ஆகாது). உளுந்து ஊறப் போட்டாச்சு. சுக்குக் காப்பிக்குக் கருப்பட்டி இருக்கிறதா பார்க்க. பாட்டுப் புத்தகம் பாதி கிழிசல், அதனால் பாட்டெல்லாம் டிவியில்தான். போனில் வருவதை அப்படியே டிவியில் போட்டால் வரி பெரிதாகத் தெரியும், கண்ணாடி கொண்டுவராதவர்களும் பாடலாம். போன மாதம் பாக்கியத்தாய் அக்கா வீட்டில் அப்படித்தான் செய்தார்கள். நன்றாக இருந்தது.

பெர்சிஸ் யாரும் சொல்லாமல் அப்பா போட்டோவைத் துடைத்து வைத்தாள். காலேஜ் போக ஆரம்பித்த பிறகு அவள் தானாகச் செய்த முதல் வீட்டு வேலை.

போனை சார்ஜில் போட.

ஜூலை 7, திங்கள்

விக்ரோலி, ஆபீஸ் கேன்டீன். மழை விடவில்லை. நேற்று ராத்திரி எழுத முடியவில்லை. கோபம்.

நடந்தது இது. வீடு நிறைய ஆள். வாசலில் குடையோடு நாலைந்து பேர். போதகருக்குக் காய்ச்சல், அவர் மனைவி ஐயரம்மா மட்டும் வந்திருந்தார். அவர் ராகம் எடுத்துக் கொடுக்க, எல்லோரும் டிவியைப் பார்த்துப் பாடுகிறோம். டிவிக்கு மேலே அவர் போட்டோ, மாலையோடு. சரணத்தின் நடுவில் டிங் என்று ஒரு சத்தம். டிவியின் மேல்பக்கம் ஒரு பெட்டி இறங்கியது. மோதிரப் படம். பெரிய எழுத்து.

“தேவராஜ், உங்களுக்கேற்ற மணமகள் காத்திருக்கிறார்! இன்றே பேசுங்கள்!”

பாக்கியத்தாய் அக்கா அதையும் பாட்டு வரி என்று நினைத்துப் பாடிவிட்டார். ராகத்தோடு. பின்வரிசையில் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நம் பாட்டில் மணவாளனும் மணவாட்டியும் வருவது சகஜம்தானே, அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ‘இன்றே பேசுங்கள்’ வந்தபோதுதான் அக்காவுக்கே சந்தேகம் வந்து நிறுத்தினார்.

ஐயரம்மா “ஜெபம் பண்ணுவோம்” என்று கண்ணை மூடினார். நல்ல மனுஷி. மற்றவர்கள் மூடவில்லை. என்னைப் பார்த்தார்கள்.

வடை, காப்பி எல்லாம் கொடுத்தேன். எல்லோரும் வாங்கிக்கொண்டு மழையைப் பற்றிப் பேசினார்கள். கடைசி ஆள் படி இறங்கியதும் மாமி கேட்டாள்.

“அவனுக்குப் பொண்ணு பாக்கியா, இல்ல ஒனக்கு மாப்ள பாக்கியாட்டி?”

பெர்சிஸ், “மம்மி, டாடி கே நாம் ஸே?” என்றாள். அப்பா பெயரிலேயா. அவ்வளவுதான். பாயை எடுத்துக்கொண்டு மாமி பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டாள். காலையில் டிபன் டப்பாவைக்கூட மாமி கையிலிருந்துதான் வாங்கினாள்.

ஆமாம், நான் பார்த்தேன். மறுமணம் செய்துவைக்கிற ஒரு ஆப். ஒரு நாள் சயான் ஸ்டேஷனில் ரயில் வரவில்லை. எதிர் பிளாட்பாரத்தில் ஒரு ஆள் தன் பெண்டாட்டியின் செருப்பு வாரைக் குனிந்து சரிசெய்துகொண்டிருந்தான். என்னவோ போலிருந்தது. திறந்து பார்த்தேன். உள்ளே போக ஒரே தட்டு. போன் அவருடையது, சிம் அவர் பெயரில், அக்கவுண்ட்டும் அவர் பெயரில். மாற்றவில்லை. மாற்ற மனம் வரவில்லை. ஆகையால் அந்த எடுபட்ட ஆப் என்னை தேவராஜ் என்று எடுத்துக்கொண்டு, தேவராஜுக்குப் பெண் தேடத் தொடங்கிவிட்டது. அந்த போனுக்குள் அவர் இன்னும் சாகவில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்யாணம் வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. அதைக் கொண்டுபோய் என் மாமி முன்னால், என் மகள் முன்னால், செத்தவர் போட்டோவுக்குக் கீழே ஒட்டிவைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரி இப்படிச் செய்திருந்தால் முடியைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்திருப்பேன். இவர்களுக்கு முடி எங்கே இருக்கிறது?

விடமாட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

தூறல். ரயில் லேட்.

முபீனாவிடம் சொன்னேன். பக்கத்து சீட். கடையநல்லூர்க்காரி, நான்கு வருஷமாகச் சேர்ந்து சாப்பிடுகிறோம். முதலில் சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

“யா அல்லா. பாட்டாவே பாடிட்டாங்களா? போன எடுக்கா. இன்னும் என்னென்ன எழுதி வச்சிருக்கானுவன்னு பாப்போம்.”

பிரேக் டைமில் லாக்கரிலிருந்து போனை எடுத்து இரண்டு பேரும் செட்டிங்ஸுக்குள் இறங்கினோம். இருந்தவை:

– நான் போன இடம் எல்லாம் வரைபடத்தில், கோடு கோடாக. தாராவி, சயான், விக்ரோலி. செம்பூரில் மாமிக்குக் கண் ஆஸ்பத்திரி. மாட்டுங்காவில் பூக்கடை.

– பேசித் தேடியவை என் குரலோடு. ‘கால் ஆணி எப்படி எடுப்பது’ என்று நானே என்னிடம் கேட்கிறேன்.

– என்னைப் பற்றி அவர்கள் போட்டிருக்கும் கணக்கு: ஆண். தனியாள். பைக் பிரியர்.

– செவ்ரி கல்லறைத் தோட்டம். ‘நீங்கள் அடிக்கடி செல்லும் இடம்.’ கீழே ஐந்து நட்சத்திரம் காலியாக. ‘இந்த இடம் எப்படி இருந்தது? உங்கள் அனுபவத்தை மற்றவர்களோடு பகிருங்கள்.’

கடைசியைப் படித்தபோது முபீனா என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அங்கே போய் என்ன பேசுவேன் என்று என் மகளுக்கே தெரியாது. இவன்கள் கூடவே வந்து நின்றிருக்கிறான்கள்.

“எல்லாத்தயும் ஆஃப் பண்ணிருக்கா. லொக்கேஷன ஆஃப் பண்ணு. விளம்பர ஐடின்னு ஒண்ணு இருக்கும், அத அழி. பழசெல்லாம் அழி. அந்த ஆப்பத் தூக்கி எறி.”

“அழிச்சா நான் தப்பிச்சேன். அவனுவளும் தப்பிச்சிருவானுவளே.”

“பொறவு என்ன செய்யப் போற?”

சொல்லவில்லை. இரண்டை மட்டும் செய்தேன். கல்யாண ஆப் போயிற்று, அக்கவுண்ட்டை மூடிவிட்டுத்தான். கல்லறை போய்வந்த பதிவும் போயிற்று. அவர் போட்டோ, அவர் பேசி அனுப்பிய மெசேஜ் எல்லாம் பென் டிரைவில் ஏற்றியாச்சு. மற்றதை விட்டுவைத்தேன். அவர்களுக்கு தேவராஜ் வேண்டுமா? தருகிறேன்.

ஜூலை 10, வியாழன்

வெயில் கொஞ்சம். துணி காய்ந்தது.

என் வீட்டுக்காரர் இந்த இரண்டு நாளில் தேடியவை: ஐம்பது குதிரைசக்தி டிராக்டர். ஒட்டகச் சேணம், மொத்த விலை. தலையில் முடி நட. சொந்தமாக ஐஸ் பேக்டரி வைக்க. பனிக்கரடி என்ன சாப்பிடும். ஆண்களுக்கான பரதநாட்டிய வகுப்பு, தாராவி அருகில்.

மனுஷன் உயிரோடு இருந்தபோது லிப்ட் ரிப்பேர், ஞாயிறு மட்டன், இரண்டைத் தவிர எதையும் கேட்டவரில்லை.

இன்று காலை ரயிலில் திறந்தால், வந்துவிட்டது! டிராக்டர்! சிவப்பு, நீலம், தவணை வசதியோடு. எங்கள் சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் திரும்பி நிற்க வேண்டும், இவன்கள் டிராக்டர் கொண்டுவருகிறான்கள். பெண்கள் பெட்டியில் எல்லோரும் பார்க்கச் சிரித்துவிட்டேன். மூன்று நாளுக்குப் பிறகு முதல் சிரிப்பு. வாங்குங்கடா பைத்தியக்காரன்களே, செத்தவனுக்கு டிராக்டர் விற்று லாபம் பாருங்கள்.

வீட்டில் வேறு கதை. மாமி சட்டம் போட்டிருக்கிறாள்: சாப்பாட்டுக்குப் பிறகு போன் வேதப்புத்தகம் பக்கத்தில் இருக்க வேண்டும், அவள் பார்ப்பாள். நேற்று பார்த்தாள். கண்ணாடியை ஏற்றி இறக்கி.

“ஏட்டி கிரேசு. டிராக்டர் எதுக்கு?”

“சும்மா மாமி.”

“ஒட்டகம்?”

“அதுவும் சும்மாதான்.”

“மாப்ள ராஜஸ்தானாட்டி?”

பெர்சிஸ் போர்வைக்குள் சிரித்த மாதிரி சத்தம் கேட்டது. இருமலாகவும் இருக்கலாம். என்னிடம் இன்னும் பேசவில்லை. அவளுக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன். சாப்பிட்டாள், பேசவில்லை.

ஜூலை 11, வெள்ளி

மறுபடி மழை. குடை ஒரு கம்பி உடைந்தது.

ஆபீசில் புது லிஸ்ட். நாங்கள் ‘தமிழ் ப்ராசஸ்’, ஆறு பேர். மும்பையில் தமிழ்ப் பெயர் இருக்கிற யாருக்கு எந்தக் கம்பெனி எதை விற்க நினைத்தாலும் போன் செய்வது எங்கள் ஆறு பேரில் ஒருத்திதான். நம்பரைக் கம்ப்யூட்டரே டயல் செய்யும். திரையில் பெயர், ஊர், அதற்குப் பக்கத்தில் ‘ஆர்வம்’ என்று ஒரு கட்டம். இத்தனை நாள் அந்தக் கட்டத்தைக் காய்கறி விலை மாதிரி பார்த்தேன். இன்றைக்குத்தான் உறைத்தது. அது எங்கிருந்து வருகிறது? எவளோ ஒருத்தி ஸ்டேஷனில் நின்று யாருக்கும் தெரியாமல் தட்டிப் பார்த்தது.

மேஜையில் பேனா, காகிதம் கூடாது. வாடிக்கையாளரின் அந்தரங்கத்தைப் பாதுகாக்கவாம்! சுவரில் போர்டே இருக்கிறது. பூட்டுப் படத்தோடு.

இன்றைய சரக்கு குழந்தைப்பேறு கிளினிக். மூன்றாவது கால், ஊர் கோபர்கைரனே. பெயர் ஒரு பெண்ணுடையது. எடுத்தது வயதான குரல்.

“யாரு? அவ குளிக்கா. நான் மாமியார்தான், எங்கிட்ட சொல்லு. எங்கேருந்து பேசுத?”

திரையில் நான் படிக்க வேண்டிய வரி மின்னுகிறது: ‘நீங்கள் குழந்தையின்மை சிகிச்சை பற்றி விசாரித்திருந்தீர்கள்…’ அந்த வீட்டு டிவி என் கண்ணுக்குத் தெரிந்தது.

“அம்மா, தையல் கடையிலேருந்து. ரவிக்கை ரெடியான்னு கேட்டாங்க. இன்னும் ஆகலைன்னு சொல்லுங்க.”

வைத்துவிட்டேன். கால் முடிந்ததும் அது எப்படிப் போயிற்று என்று ஒரு பட்டியலில் குறிக்க வேண்டும். ஆர்வம் உண்டு, பிறகு கூப்பிடு, ஆர்வமில்லை, இப்படி. எதைக் குறித்தாலும் அந்த ஆள் வேறொரு நாள் வேறொரு லிஸ்டில் திரும்ப வருவார். ‘ராங் நம்பர்’ என்று குறித்தால் மட்டும் அந்த நம்பரே அழிந்துபோகும். ராங் நம்பர் குவிந்தால் லிஸ்ட் விற்றவனுக்குக் கெட்ட பெயர். சரக்கு அழுகல் என்று திருப்பி அனுப்புவார்கள்.

ராங் நம்பர் என்று குறித்தேன்.

பிறகு அடுத்ததையும் குறித்தேன். அதற்கடுத்ததையும். ஆகா! இவ்வளவு நாள் முடி இல்லை, முடி இல்லை என்று தேடிக்கொண்டிருந்தேன். இதோ கையில் கொத்தாக!

ஜூலை 15, செவ்வாய்

சயானில் தண்டவாளத்தில் தண்ணீர். பாதிப் பேர் ஆபீஸ் வரவில்லை. நான் குர்லா வரை பஸ்ஸில் போய் அங்கிருந்து ரயில் பிடித்து வந்தேன். இந்த வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்க முடியுமா?

கிளினிக் லிஸ்ட் கிட்டத்தட்டக் காலி. நல்லபடியாகப் பேசுகிறவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை கூடுதலாகச் சொல்கிறேன். செம்பூர்ப் பெண் ஒருத்தி, “என் நம்பர் உங்களுக்கு எப்படிக் கெடச்சுது?” என்று பயந்துபோய்க் கேட்டாள்.

“நீங்க போன்ல தேடுனத வித்திருக்காங்கம்மா. செட்டிங்ஸ்ல விளம்பரம்னு இருக்கும், அந்த ஐடிய அழிச்சிருங்க. லொக்கேஷன ஆஃப் பண்ணுங்க. ஒங்க வீட்ல யாருக்கும் நான் சொல்லமாட்டேன்.”

அந்தப் பெண் அழுதுவிட்டாள். டாக்டரிடம் போவது அவள் புருஷனுக்குக்கூடத் தெரியாதாம்.

டீம் லீடர் பிரசாந்த் வந்து நின்றான். “கிரேஸ்ஜி, இத்னா ராங் நம்பர் கைஸே?” இவ்வளவு எப்படி என்று.

“டேட்டா கராப் ஹை சார்.” லிஸ்டே கெட்டது என்றேன், முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டு.

மதியம் அவன் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தான். லிஸ்ட் விற்றவனை. குப்பையைத் தலையில் கட்டிவிட்டாய் என்று இந்தியில், அம்மா அக்கா எல்லாம் சேர்த்து. கேன்டீன் வரை கேட்டது. இரண்டு சமோசா அதிகமாகச் சாப்பிட்டேன்.

முபீனாவுக்குப் பயம். “எல்லாக் காலும் ரெக்கார்டு ஆவுது. எடுத்துக் கேட்டான்னா வேல போச்சு. பெர்சிஸ் ஃபீஸுக்கு என்ன பண்ணுவ?”

அது பயம்தான். எனக்கும் இருக்கிறது. ஆனால் தமிழ் தெரிந்த ஆளைப் பிடித்து உட்காரவைத்தல்லவா கேட்க வேண்டும். சாயங்காலம் பார்த்தால் முபீனா திரையிலும் வரிசையாக ராங் நம்பர். என்னைப் பார்க்காமல் குறித்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 17, வியாழன்

மேகமூட்டம். மீன் விலை ஏறிவிட்டது.

மாமி முடிவு சொல்லிவிட்டாள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் முன்னால் நின்று, இனி அந்த நினைப்பு கிடையாது என்று நான் வாக்குக் கொடுக்க வேண்டும்.

“சபையில எவ்வளவு பேச்சு ஓடுது தெரியுமா? பாக்கியத்தாய் கடத்தெருவுல வச்சி எங்கிட்டயே கேக்கா, தேவராஜுக்குப் பொண்ணு அமைஞ்சிட்டான்னு. நக்கலு.”

“நினைச்சது என் தலைக்குள்ள மாமி. தலைக்குள்ள இருக்கதுக்கு வாக்குக் குடுக்க முடியாது.”

“தலைக்குள்ள இருந்தது டிவில எப்படிட்டி வந்துது?”

நானும் அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

“கட்டிக்கிடப் போறியா? அதச் சொல்லு. பிள்ளயக் கூட்டிட்டுப் போயிருவியா?”

அப்போதுதான் பார்த்தேன், அவள் உதடு கோணியிருந்தது. பயந்திருக்கிறாள். இருந்த மகனும் போய், மருமகளும் பேத்தியும் போனால் அவளுக்கு யார்? தெரிந்தும் எனக்கு மனம் இளகவில்லை. எனக்கே தெரியாத பதிலை எல்லோரும் என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தால் நான் எங்கே போக?

“தெரியாது” என்றேன். “தெரிஞ்சா ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லியிருப்பேன். அதுக்குள்ள அவனுவ சொல்லிட்டானுவ.”

பெர்சிஸ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு புத்தகத்தில் ஒரே பக்கத்தில் இருந்தாள்.

போனை எடுத்து வேதப்புத்தகத்துப் பக்கத்தில் டக்கென்று வைத்தேன். “ராத்திரி மட்டும் எதுக்கு? பகல்லயும் நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு வேண்டாம்.”

வாக்குக் கொடுக்கப் போவதில்லை. வீட்டை விட்டுப் போ என்று சொன்னாலும்.

ஜூலை 18, வெள்ளி

மழை. கேன்டீன். பேனா ஓடமாட்டேன் என்கிறது, முபீனாவுடையதை வாங்கி எழுதுகிறேன்.

காலையில் புது லிஸ்ட். மறுமணம். அந்த ஆப்தானா, வேறு ஏதோவா, தெரியாது. பெயர் சொல்லமாட்டார்கள். இரண்டு மணி நேரம் வழக்கம்போல் ராங் நம்பர், ராங் நம்பர். பிறகு திரையில் வந்தது:

தேவராஜ். தாராவி. ஆர்வம்: மறுமணம்.

நம்பர் எங்கள் நம்பர். நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் கம்ப்யூட்டர் டயல் செய்துவிட்டது. மணி அடிக்கிறது. போன் வேதப்புத்தகம் பக்கத்தில்.

“அலோ. யாரு?”

மாமி. ரெக்கார்டு ஓடுகிறது. பிரசாந்த் பின்னால் நடந்துகொண்டிருக்கிறான். வேறு எதுவும் வாயில் வரவில்லை, திரையில் இருந்ததைப் படித்தேன். என் ஆபீஸ் குரலை மாமி கேட்டதே இல்லை. எனக்கே அது வேறு ஆள்தான்.

“வணக்கம். திரு தேவராஜ் அவர்களிடம் பேசலாமா? அவர் மறுமணம் பற்றி விசாரித்திருந்தார்.”

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. பிறகு ஆரம்பித்தாள்.

“யாரு, நீங்கதானா அது? எம் புள்ள செத்து மூணு வருசம் ஆச்சு. தேடுனது எம் மருமவ. ஆமா, தேடுனா! அவ தேடுவா, தேடாம இருப்பா, கட்டுவா, கட்டாம இருப்பா. அது எங்க வீட்டுக்குள்ள கெடக்கட்டும். ஒனக்கென்ன வந்துது? நாலு பேரு முன்னால அவள நிக்க வச்சியளே, பன்னெண்டு நாளா எம் பேத்தி தாய்ட்ட பேசல, நான் அவள என்னென்ன வார்த்த கேட்டுட்டேன் தெரியுமா? நீ ஒரு பொம்பளதான? வேல மயிரா இது? ஒன் வீட்டு நாத்தத்த எவனாவது தெருவுல கொண்டு போட்டா அப்பத் தெரியும். இன்னொருக்க இந்த நம்பருக்கு அடிச்ச, வெளக்குமாறு பிஞ்சிரும். வைட்டி.”

அவளும் வைக்கவில்லை. மூச்சு வாங்குவது கேட்டது. பக்கத்தில் பெர்சிஸ் குரல், தமிழில்: “ஆச்சி, குடு, நானும் திட்டுறேன்.”

படிக்க வேண்டிய கடைசி வரி திரையில் இருந்தது. படித்தேன். “உங்கள் நேரத்துக்கு நன்றி.”

பன்னிரண்டு நாளாக அவர்களைக் கிழிக்க ஆள் கிடைக்கவில்லை என்று நான் அலைந்தேன். கிழித்துவிட்டாள் மாமி. முழுசும் என் காதில் விழுந்தது. ஒரு வார்த்தையும் தப்பில்லை.

பட்டியல் காத்திருந்தது. ராங் நம்பர் என்று குறிக்கக் கை போயிற்று. குறிக்க முடியவில்லை. அது ராங் நம்பர் இல்லை. அவர் நம்பர். பட்டியலின் அடியில், இதுவரை நான் தொடாத ஒன்று: ‘இறந்தவர்’. பேங்கில், ரேஷன் ஆபீசில் எல்லாம் அந்த வார்த்தையை என் அண்ணன்தான் எழுதிக் கொடுத்தான், நான் கையெழுத்து மட்டும் போட்டேன். இன்று நானே அமுக்கினேன். இனி தேவராஜுக்கு யாரும் பெண் பார்க்கமாட்டார்கள். டிராக்டரும் வராது.

முபீனா என்னக்கா என்றாள். தண்ணீர் குடித்தேன்.

வீட்டுக்குப் போனதும் மாமி கதையை ஆரம்பிப்பாள். ஒரு சிறுக்கி போன் பண்ணினா, கிழிச்சுத் தொங்கவிட்டுட்டேன் என்று. பெர்சிஸ் நடுவில் புகுந்து நடித்துக் காட்டுவாள். நான் வாயைப் பிளந்து கேட்பேன். அப்படியா, அப்புறம் என்பேன். அந்தச் சிறுக்கி யார் என்று மட்டும் சாகிறவரை ஒருத்தருக்கும் சொல்லமாட்டேன்.